உயிரோடுதான் இருக்கேன், எழுதிக்கிடும்

வங்கியில் பென்ஷன் கவுண்டரை யாரும் கேட்டு வாங்குவதில்லை. கடன் பிரிவுக்குப் போனால் பதவி உயர்வுக்கு வழி உண்டு. கேஷில் உட்கார்ந்தால் கணக்கு நேரானதும் வீட்டுக்குக் கிளம்பலாம். பென்ஷன் கவுண்டர்காரனுக்கு இரண்டும் கிடையாது. மாதக் கடைசியிலும் முதல் வாரத்திலும் தொண்டை கட்டும். நவம்பர் பிறந்தால் குரலே போய்விடும். பாளையங்கோட்டைக் கிளை ஒன்றில் என்னை அங்கே உட்காரவைத்தபோது நானும் முனகிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பிறகு வேறு பிரிவுக்கு மாற்ற வந்தபோதெல்லாம் ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக் கழித்தேன். இவ்வளவு சிரிப்பு வேறு எந்த நாற்காலியிலும் கிடைக்காது என்பது அதற்குள் தெரிந்துபோயிருந்தது.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்றவர்களுக்குப் பஞ்சமே இல்லை. தெருவுக்கொரு பள்ளிக்கூடம், கல்லூரி. அதனால் தெருவுக்கு நாலு வாத்தியார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஜங்ஷனில் வேலை பார்த்த ரயில்வேக்காரர்கள், தபால் இலாகாக்காரர்கள், சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பட்டாளத்தார். மாநில அரசில் இருந்தவர்களுக்கு ஆண்டு நேர்காணல் கருவூலத்தில். ரயில்வே, தபால், ராணுவம் ஆகிய மத்திய அரசுக்காரர்கள்தான் எங்களிடம் வருவார்கள். இது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் வரிசையில் நின்று, ஒரு மணி நேரம் காத்திருந்து, என் முன்னால் வந்து உட்காருவார்.

"சார், உங்களுக்கு இங்க இல்ல, கருவூலத்துக்குப் போகணும்."

"இதையேதான் போன வருஷமும் சொன்னீரு."

"அப்போ ஞாபகம் இருக்குல்லா சார்?"

"நீர் சொன்னது நல்லா ஞாபகம் இருக்கு. எங்க போகச் சொன்னீருங்கிறதுதான் மறந்துட்டு."

மத்திய அரசு பென்ஷன் வாங்குகிறவர் ஆண்டுக்கொருமுறை நவம்பரில் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். எண்பது தாண்டியவர்களுக்குக் கூட்டத்தில் சிக்காமலிருக்க அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அனுமதி உண்டு. லைப் சர்டிபிகேட் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நான் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவேன், அதிகாரி கையெழுத்துப் போடுவார். அந்த மனிதர் அடுத்த நவம்பர் வரை உயிர் வாழ்வார். வராவிட்டால் பென்ஷன் நின்றுவிடும், வந்து கொடுத்தபின் நிலுவையோடு கிடைக்கும். ரயில்வேயில் கார்டாக இருந்த ஒருவர் நவம்பரில் வராமல் பொங்கல் கழித்து வந்தார்.

"நான் செத்துட்டேன்னு யாரு உங்களுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. நீங்க வரலை."

"நான் சாகலைவே, மறந்துட்டேன்."

"ரெண்டுக்கும் கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது, அண்ணாச்சி."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கணக்கில் பார்த்தால் தன் மனைவிக்குத் தான் பல முறை செத்துப் பிழைத்தவன் என்றார்.

2014 நவம்பர் 10-ல் ஜீவன் பிரமாண் என்ற மின்னணு ஏற்பாடு வந்தது. ஆதாரோடு விரல் ரேகை பொருந்தினால் போதும், காகிதம் வேண்டாம். காகிதத்தில் உயிரோடு இருந்தவர்கள் பலர் கருவிக்கு முன்னால் இல்லாமல் போனார்கள். வயதானால் தோல் உலர்ந்து ரேகை மழுங்கிவிடும், கருவிக்குப் பிடிபடாது. ஈரத் துணியால் துடைப்பது, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கச் சொல்வது, பெருவிரல் போனால் நடுவிரல், அதுவும் போனால் மோதிர விரல் என்று நாங்களே சில கைவைத்தியங்கள் கற்றுக்கொண்டோம். பத்து விரலும் தோற்றுப்போன ஒருவர் பழைய தபால்காரர். கையெழுத்துத் தெரியாதவர்களின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றி மணியார்டர் பட்டுவாடா செய்தே காலம் கழித்தவர். "ஊர்ல பாதிப் பேரு ரேகையை நான் எடுத்திருக்கேன். எனக்கு ரேகை இல்லேங்கீரே" என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த ஏற்பாட்டில் இரண்டு கேள்விகள் உண்டு. மறுபடி வேலையில் சேர்ந்தாரா? மறுமணம் செய்தாரா? எல்லாரிடமும் கேட்டே ஆகவேண்டும், பெரும்பாலானவர்களுக்குக் காது மந்தம் என்பதால் உரக்கக் கேட்டாக வேண்டும். குடும்பப் பென்ஷன் வாங்கும் ஆச்சி ஒருவரிடம், "மறுகல்யாணம் ஏதும் பண்ணியிருக்கீகளா?" என்று கத்தினேன். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "ஏ ஐயா, ஒரு மாப்பிள்ளையை வச்சுக்கிட்டுப் பட்ட பாடு போதாதா?" என்றார் ஆச்சி. அதே கேள்விக்கு இன்னொருவர், பக்கத்தில் மனைவி நிற்பதைக் கவனித்துவிட்டே, "இன்னும் இல்லைன்னு எழுதிக்கிடும்" என்றார்.

2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்று வசதி வந்தது. கைபேசியில் முகம் தெரிய வேண்டும், நடுவில் ஒருமுறை கண் சிமிட்ட வேண்டும். புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றாமலிருக்க இந்த ஏற்பாடு. எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்த பெண் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவரிடம் கண்ணைச் சிமிட்டச் சொன்னார். சுபேதார் விறைப்பானார். "வயசுப் புள்ளையைப் பாத்துக் கண்ணடிக்கவா? பட்டாளத்துல இருந்தப்பகூட நான் அந்தச் சோலிக்குப் போனதில்லை." மகன் காதில் சொல்லி, நான் சொல்லி, மேனேஜரும் வந்து சொன்னபிறகு சம்மதித்தார். இரண்டு கண்ணையும் இறுக மூடினார். திறக்கவே இல்லை. கைபேசி மறுபடி மறுபடி மறுத்தது. "தாத்தா, கண்ணைத் திறங்க!" "சோலி முடிஞ்சுதாம்மா?"

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடு முழுக்கத் தேடுவதெல்லாம் பத்திரிகை ஜோக்கோடு சரி. எங்கள் கவுண்டரில் அதற்கு மதிப்பில்லை, அரை மணி நேரத்துக்கு ஒன்று நடக்கும். என்னை யோசிக்கவைத்தது வேறு. முதுமை முதலில் எதைக் கொண்டுபோகிறதோ, சரியாக அதையே வங்கி கேட்கும். நேற்று மாற்றிய நாலு இலக்க ரகசிய எண். இப்போது வந்து சில நிமிடங்களில் செத்துவிடும் ஆறு இலக்க ஓடிபி. போன மாதம் வந்த கடிதத்தின் தேதி. எல்லாமே புதுச் சரக்கு. 1962-ல் வேலைக்குச் சேர்ந்த கிழமையையும் முதல் சம்பளத்தின் பிடித்தங்களையும் கேட்டால் தங்குதடையில்லாமல் ஒப்பிப்பார். அதைக் கேட்க வங்கியில் படிவம் கிடையாது.

ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள், எங்கும் எழுதாதீர்கள் என்று சுவரெங்கும் ஒட்டியிருப்போம். பின் என்னதான் செய்வது? ஒருவர் டெலிபோன் டைரியில் மாமா பெயரில் எழுதிவைத்தார்; எந்த மாமா என்பது மறந்துவிட்டது. இன்னொருவர் புத்திசாலி. திருடன் கண்டுபிடிக்க முடியாத இடமாகப் பார்த்து, தினசரி காலண்டரில் ஒரு தாளின் மூலையில் பென்சிலால் எழுதினார். மறுநாள் காலையில் பேத்தி வழக்கம்போல அந்தத் தாளைக் கிழித்து ராக்கெட் விட்டுவிட்டாள். ஏ.டி.எம்.மில் மூன்று முறை தப்பாகப் போட்டு அட்டை முடங்கியதும் என்னிடம் வந்தார். புது எண் எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதை எங்க எழுதப்போறீங்க?" என்றேன். "சொன்னா அது ரகசியமாவே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஓடிபி இன்னும் விசேஷம். கைபேசி வீட்டில் இருக்கும், அவர் வங்கியில் இருப்பார். என் தொலைபேசியிலிருந்து வீட்டுக்கு அழைப்போம். மருமகள் எண்களைச் சொல்வார். இவருக்குக் காது கேட்காது. மருமகள் கத்துவார். இவர் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கத்துவார். "அஞ்சா? அம்பதா?" ஓடிபியை எவரிடமும் பகிராதீர் என்ற சுவரொட்டிக்குக் கீழே நின்று கிளை முழுவதும் அந்த ஆறு எண்களையும் மனப்பாடம் செய்து முடித்திருக்கும்.

பணம் உள்ளே வரும் வழியில் மட்டும் மறதி எட்டிப் பார்ப்பதில்லை. மத்திய அரசு பென்ஷனில் எண்பது வயதுக்கு 20 விழுக்காடு கூடுதல், 85-க்கு 30, 90-க்கு 40, 95-க்கு 50, நூறைத் தொட்டால் முழுசாக இரட்டிப்பு. வயது நிறையும் மாதத்தின் முதல் தேதியிலிருந்தே கணக்கு. மனைவியின் பிறந்தநாள், பேரன் பெயர், பல்செட் இருக்கும் இடம் எதுவும் தெரியாதவர்கூட எண்பதாவது பிறந்தநாளை மறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள் பள்ளியில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த தேதியைப் போட்டுவிட்டார்கள். எங்கள் பதிவேட்டில் ஜூன் மாதம் பிறந்தவர்கள் அத்தனை பேர் இருந்தது அதனால்தான். "சர்டிபிகேட்லதான் எழுபத்தொம்போது. நிசத்துல எம்பத்தொண்ணு" என்று ஜாதக நோட்டோடு வருவார்கள். அறுபது வருஷம் வயதைக் குறைத்துச் சொன்ன மனிதன் அதை ஏற்றிச் சொல்லும் ஒரே இடம் பென்ஷன் கவுண்டர்.

பதின்வயதிலிருந்து முப்பது வரை நடந்தவைதான் முதியவர்களின் நினைவில் நெருக்கமாக நிற்கின்றன என்று உளவியல்காரர்கள் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். இருக்கலாம். கூடுதல் பென்ஷனை அவர்கள் சோதிக்கவில்லை.

இந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் கற்றுக்கொள்ள வேண்டிய தொழில் நுணுக்கம் ஒன்று உண்டு. எந்தப் பயிற்சி வகுப்பிலும் அதைச் சொல்லித் தர மாட்டார்கள். எதிரே இருப்பவர் நிஜமாகவே மறந்துவிட்டாரா, மறந்ததுபோல இருக்கிறாரா என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும்.

ஆச்சி ஒருவர், ஓய்வுபெற்ற தபால் அதிகாரியின் மனைவி, மகனோடு வந்தார். மகன் வீடு கட்டுகிறான். "அம்மாவுக்கு எவ்வளவு டெபாசிட் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க சார். அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை." நான் ஆச்சியைப் பார்த்தேன். ஆச்சி விட்டத்தைப் பார்த்தார். "என்னமோ உங்க அப்பா போட்டு வச்சாக. எனக்கென்ன தெரியும்? பாஸ்புக் எங்கேயோ கெடக்கு." முகத்தில் அப்படி ஒரு வெறுமை. கணக்கு யாருடையதோ அவர் வாய் திறந்து சொல்லாமல் நான் சொல்லக் கூடாது. "அம்மா எழுதிக் கொடுத்தா பாத்துச் சொல்லலாம்" என்றேன். "கை நடுங்குதுய்யா" என்றார் ஆச்சி. மகன் பெருமூச்சு விட்டுக் கூட்டிப் போனார்.

மறுநாள் பத்து மணிக்கு ஆச்சி தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். மஞ்சள் பைக்குள் பாலித்தீன் கவர், அதற்குள் ரசீதுகள். "தம்பி, வர்ற பதினெட்டாம் தேதி ஒண்ணு முதிருது. மூத்த குடிமக்களுக்கு அரை வட்டி கூடல்லா? அதைச் சேர்த்துத் திரும்பப் போட்டுரும். ஏப்ரல்ல 15எச் குடுத்தேனே, இந்தத் தடவை வரி பிடிச்சிருக்காகளான்னு பாரும்." மொத்தத் தொகையைப் பைசாவோடு சொன்னார். நேற்று நடுங்கிய கையால் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். எழுந்து போகும்போது, "மவன் வந்து கேட்டா?" என்றார். "நீங்க இன்னைக்கு வந்ததே எனக்கு மறந்துட்டு, ஆச்சி" என்றேன். அதன்பிறகு பனங்கிழங்கு சீசனில் எனக்கு ஒரு கட்டு தவறாமல் வரும்.

இவரைப் போன்றவர்கள் நிறைய. மருமகன் எதிரே காது கேட்காது. நாமினியாக யாரைப் போட்டிருக்கிறோம் என்பது எந்தப் பிள்ளை கேட்டாலும் நினைவுக்கு வராது. மறதி என்பது வயதானவர்களிடம் இருக்கும் கடைசிப் பூட்டு, சாவி அவர்கள் இடுப்பில்தான் இருக்கிறது. வாலிபத்தில் ஒருவர் "மறந்துவிட்டேன்" என்றால் திட்டுவோம், எழுபதுக்கு மேல் சொன்னால் நம்புவோம். அந்தச் சலுகையை அவர்கள் பயன்படுத்திக்கொள்வதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

கணவன் மனைவி கூட்டுக் கணக்கில் வேறு வகைக் கூட்டு. எண்கள் அவருக்கு, பெயர்கள் அவளுக்கு. "நம்ம கூட வேலை பாத்தானே, அந்த உசரமானவன்…" என்று அவர் ஆரம்பிப்பதற்குள் அந்தம்மாள் பெயர், ஊர், மனைவி, மச்சினன் வரை சொல்லி முடிப்பார். கணக்கு எண்ணை மட்டும் அவர்தான் ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொல்வார், பாட்டி ஏதோ முதல்முறை கேட்பதுபோலத் தலையாட்டிக்கொண்டே இருப்பார். அவர் இறந்தபின் அந்தம்மாள் வந்தபோது, உதவிக்கு ஆளை அனுப்ப நினைத்தேன். அதற்குள் அவரே படிவத்தை எடுத்து, பாஸ்புக்கைத் திறக்காமல் அந்த நீள எண்ணை எழுதிக்கொண்டிருந்தார். "உங்களுக்குத் தெரியுமாம்மா?" "தெரியும். அவுக சொல்லட்டும்னு இருந்தேன்."

லாக்கர் கதையைச் சொல்லாமல் விடக் கூடாது. லாக்கரைத் திறக்க இரண்டு சாவி வேண்டும், ஒன்று எங்களுடையது, மற்றது வாடிக்கையாளருடையது. அவருடைய சாவிக்கு எங்களிடம் மாற்றுச் சாவி கிடையாது. தொலைந்தால் லாக்கர் செய்த கம்பெனியிலிருந்து ஆள் வந்து, வாடிக்கையாளர் முன்னிலையில் துளைபோட்டு உடைத்துப் புதுப் பூட்டு மாட்ட வேண்டும், செலவு அவர் தலையில். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், எதையும் ஒழுங்காக எழுதிவைக்கும் பழக்கமுள்ளவர், சாவியைக் காணோம் என்று வந்தார். வீட்டைத் தலைகீழாகப் புரட்டியாகிவிட்டது. "எங்க வச்சேன்னு மறந்துரக் கூடாதுன்னு எழுதி வச்சேன் தம்பி. அந்தச் சீட்டையும் காணலை." மெக்கானிக் வந்தார், துளைபோட்டார், கதவு திறந்தது. நகைப் பெட்டிகளுக்கு மேலே நாலாக மடித்த ஒரு சீட்டு. முத்து முத்தான கையெழுத்தில்: "லாக்கர் சாவி: கொலுப் பெட்டி, செட்டியார் பொம்மையின் வயிற்றுக்குள்."

டீச்சர் அதைப் படித்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. அவரே முதலில் ஆரம்பித்தார். மெக்கானிக் கூலியில் நூறு ரூபாய் குறைத்துக்கொண்டதாக ஞாபகம்.

மறந்தவர்களையும் மறந்ததுபோல் இருப்பவர்களையும் பற்றி எனக்குக் கவலை கிடையாது. மறந்துவிட்டு, மறக்காததுபோல நடப்பவர்களைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் தெரியாமல் "வாங்க, வாங்க" என்று மட்டும் சொல்வார்கள். எந்தக் கேள்விக்கும் "அதெல்லாம் இருக்கு" என்பார்கள். காலையில் பணம் எடுத்துப் போனவர் மத்தியானம் அதே சட்டையில், அதே தொகைக்குப் படிவம் எழுதிக்கொண்டு வருவார். ரகசிய எண் மறப்பது வயசு, இது வேறு. அமெரிக்காவில் முதியவர்களின் மருத்துவப் பதிவுகளையும் கடன் பதிவுகளையும் ஒப்பிட்டு 2020-ல் ஒரு ஆய்வு வந்தது. ஞாபகமறதி நோய் என்று டாக்டர் சொல்வதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே சிலர் தவணைகளைத் தவறவிட ஆரம்பித்திருந்தார்களாம். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. டாக்டருக்கு முன்னால் கேஷியருக்குத் தெரிந்துவிடுகிறது, சொல்லத்தான் அவனுக்கு வாயில்லை.

அப்படி ஒருவர், தமிழாசிரியர், ஒரு காலத்தில் பாதி ஊருக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர். தினமும் வருவார், சில நாள் இரண்டு தடவை. கையெழுத்து மட்டும் மாதிரிக் கையெழுத்து அட்டையில் இருந்தது போலவே அச்சாக விழும். கைப்பழக்கம் மூளையில் வேறோர் இடத்தில் தங்குகிறது, இன்று காலையில் நடந்ததைக் காப்பாற்றும் பகுதிதான் முதலில் அடிபடுகிறது என்று மருத்துவம் படித்த ஒருவர் எனக்கு விளக்கினார். தமிழாசிரியரின் மனைவியிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். இரண்டாம் முறை அவர் வந்தால் பாஸ்புக்கைப் பதிந்து கொடுப்பேன். புதிதாக ஒரு வரியும் விழாது. அதை அவர் மேலிருந்து கீழே ஒருதரம் வாசித்துவிட்டு, திருப்தியாக எழுந்து அறிவிப்புப் பலகைக்குப் போவார். அங்கேதான் அவருக்கு வேலை. 'படிவத்தை பூர்த்தி செய்து' என்றிருந்தால் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து நடுவில் ஒரு ப் போடுவார். 'கணக்கை தொடங்க' என்றிருந்தால் ஒரு த். மனைவி பெயர் தடுமாறிய நாட்களிலும் ஒற்று மிகும் இடம் தடுமாறியதில்லை.

மேனேஜர்கள் மாறினார்கள். புதிதாக வந்த ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. பலகைக்குக் கண்ணாடி போட்டுப் பூட்டிவிட்டார். தமிழாசிரியர் இரண்டு நாள் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து, லைப் சர்டிபிகேட் பற்றித் தமிழில் அச்சடித்த பெரிய அறிவிப்பு வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தேன். வரிக்கு வரி ஒற்றைக் காணோம். கண்ணாடிக்குள் அது கொள்ளாது என்று மேனேஜரிடம் சொல்லி, வெளியே சுவரில், அவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஒட்டினேன்.

பதினொரு மணிக்கு வந்தார். வாசித்தார். பேனாவைத் திறந்தார். பாதியில் நிறுத்திவிட்டு என் கவுண்டரைப் பார்த்துச் சத்தம் போட்டார்: "இதை எழுதினவன் எந்த வகுப்புவே? நாளைக்கு அவன் அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லும்!"